மாமாவின் கண்ணும் மச்சினனின் குரலும்

அத்தியாயம் பதினெட்டு

தபால்காரரின் காதில் ரத்தம் எட்டிப் பார்த்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். கவலை வேண்டாம், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. முடி வெட்டும்போது சலூன்கார மாமாவின் கத்திரி பட்ட சின்னக் கீறல்தான். ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போய்விட்டார்.

அதில்தான் வம்பே. தபால்காரர் காதில் ஒட்டிய பிளாஸ்திரி சும்மா இருக்குமா? தெருத்தெருவாகப் போனது, வாசல் வாசலாக நின்றது, கேட்டவர்களுக்கெல்லாம் கதை சொன்னது. சலூன்கார மாமாவுக்குக் கண் போய்விட்டது என்று ஊரே பேச ஆரம்பித்துவிட்டது.

போகவில்லை. புரை விழுந்திருக்கிறது. வலது கண்ணில் முற்றிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் ஆபரேஷன் சிக்கலாகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்று காலை ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருக்கிறது. மாமாவோ மாட்டவே மாட்டேன் என்கிறார்.

காரணம் கேட்டால் அவர் சொல்வது இதுதான்: "கண்ணுக்குள்ள வெக்கிற லென்ஸ்ல கேமரா வெச்சு அனுப்புறாங்க. நாம பார்க்கிறதை எல்லாம் எங்கேயோ ஒருத்தன் உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருப்பான்."

இதை மாமாவின் காதில் ஓதியது யார்? சாட்சாத் நம்முடைய ரகசியம்தான்.

இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ரகசியம் என்பது பட்டப்பெயர். ஆள் லிஃப்ட் மெக்கானிக். மாமாவின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. ஒரு காலத்தில் தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, சோப்பு, மழை என்று எதைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் ஒரு சதியைக் கண்டுபிடித்தவர். யாரோ உளவு பார்க்கிறார்கள் என்று வீட்டு ஜன்னலுக்கெல்லாம் அலுமினியத் தாள் ஒட்டினார். பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு வாழ முடியாமல், ஒருநாள் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம்தான் மனிதருக்குப் புத்தி தெளிந்தது.

இப்போது அவர் வீடியோ போடுகிறார். சேனலின் பெயர் 'நானும் நம்பினேன்'. "நான் கெட்டவன் இல்லீங்க, பைத்தியமும் இல்லீங்க, நம்பிட்டேன், அவ்வளவுதான். உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார். அவரைத் திட்டாதீங்க, கூட உட்காருங்க" என்று வாராவாரம் பேசுகிறார். மகள் எடிட் செய்கிறாள். பார்க்கிறவர்களுக்குக் குறைவில்லை. அப்படிப் பார்த்தவர்களில் ஒருத்தி அவருடைய மனைவி. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

முன்கதை இவ்வளவுதான். இனி இன்றைய காலைக்குப் போவோம்.

சாமான் அறைதான் ஸ்டுடியோ. எதிரொலி கேட்கக் கூடாதென்று சுவர் முழுக்கப் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தாள் மகள். ஜன்னலில் ஒட்டியது போக மிச்சமிருந்த அலுமினியத் தாளை ஓர் அட்டையில் ஒட்டி, விளக்கு வெளிச்சம் அப்பாவின் முகத்தில் விழும்படி சாய்த்து வைத்திருந்தாள். வீணாகக் கிடப்பானேன் என்றுதான்.

"அப்பா, அடுத்த வாரத்துக்குக் குக்கர் கதையைச் சொல்லிடலாம்."

"அது வேண்டாம்மா."

"ஏன்? செம காமெடி. ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"சிரிக்கிறது சரி. அது நம்ம அஞ்சு பேரோடது. அதைக் கொண்டுபோய் ஊருக்குப் போடணுமா?"

மகள் தோளைக் குலுக்கிக்கொண்டாள். ரகசியம் போர்வையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உதட்டோரத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள். அந்த நாட்களில் இந்த வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் எல்லோருடைய கைபேசியையும் வாங்கி, ஒரு துணியில் சுற்றி, பெரிய குக்கருக்குள் வைத்து மூடிவிடுவார் ரகசியம். குக்கருக்குள் இருந்தால் ஒட்டுக்கேட்க முடியாதாம். அக்காவும் மாமாவும் சனிக்கிழமை தவறாமல் வருவார்கள். அவர்களுடையதும் உள்ளே போகும்.

ஒரு சனிக்கிழமை அக்கா ஏதோ உதவி செய்கிறேன் என்று சமையலறைக்குள் போனாள். ஜன்னலெல்லாம் தாள் ஒட்டி, விளக்கும் போடாமல், உள்ளே கும்மிருட்டு. அடுப்பு மேல் குக்கர் தயாராக இருக்கிறது. அடியில் துணி மாதிரி ஏதோ கிடக்கிறது. கைபேசிக் குக்கர் அதுதான் என்று இருட்டில் தெரியாமல், தம்பி மனைவி ஆவியில் வேகவைக்கத் துணி போட்டிருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதன் மேல் உருளைக்கிழங்கைப் போட்டு, தண்ணீரை ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள்.

விசில் வந்தபோதுதான் ரகசியத்துக்குச் சந்தேகம் வந்தது. ஓடினார். அதற்குள் எல்லாம் நன்றாக வெந்திருந்தது.

அத்தனை பேரும் உறைந்து நிற்க, மாமா மட்டும் குக்கருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மாப்ள, இனிமே ஒரு பயலும் ஒட்டுக்கேட்க முடியாது."

ரகசியத்தின் மனைவி அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சுமுட்டச் சிரித்தாள். அவளைப் பார்த்து அக்கா சிரித்தாள். மகள் அப்போது பள்ளிக்கூடப் பெண், அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் புதுக் கைபேசி வாங்கும்வரை அந்த வீட்டில் ஐந்து பேரும் எவ்வளவு பேசினார்கள் தெரியுமா! இப்போது புத்தி தெளிந்துவிட்டது, தாளைக் கிழித்தாகிவிட்டது, வெளிச்சம் தாராளமாக வருகிறது. சாப்பாட்டு மேஜையில் அப்பா ஒரு கைபேசியைப் பார்க்கிறார், மகள் ஒரு கைபேசியைப் பார்க்கிறாள். அந்த இருட்டு வீட்டை நினைத்து ரகசியத்துக்கு ஏக்கமாக இருந்தது. இதை வெளியே சொன்னால் மகள் அடிக்க வருவாள்.

கைபேசி அடித்தது. அக்கா.

"டேய், இங்க வந்து சேரு. உங்க மாமா கடையைத் திறந்து உட்கார்ந்துட்டார். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதாம், கஸ்டமர் இருக்காராம்."

"யாரு?"

"அந்தத் தபால்காரர்தான். மனுஷனுக்கு மீதி முடியை வெட்டணும் இல்ல? பாவம், ஒரு பக்கம் வெட்டி ஒரு பக்கம் வெட்டாம ஒரு வாரமாத் திரியுறார்." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "நீதான்டா அந்தக் கேமராவை அவர் தலையில ஏத்துனே. நீயே வந்து இறக்கு. இன்னிக்கு விட்டா அந்த டாக்டர் மறுபடி எப்ப வருவாரோ."

ரகசியம் எழுந்தார். மகளும் கேமராவை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அது எதுக்கு?"

"இத்தனை நாளா உட்கார்ந்து பேசுறதையே காட்டிட்டோம். ஒரு ஆளை நேர்ல மாத்திக் காட்டினா எப்படி இருக்கும்? மாமா ஒத்துக்கிட்டா போடுவோம். இல்லேன்னா வேண்டாம்."

ரகசியத்துக்கும் உள்ளூர ஆசைதான். சரி என்றார்.

மாமாவின் சலூனில் இரண்டு நாற்காலிகள், எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடிகள். ஒன்றில் பார்த்தால் முகம் தெரியும், அதற்குள் பிடரி தெரியும், அதற்குள் மறுபடி முகம். காத்திருக்கிறவர்களுக்குச் சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு. பவுடரும் ஷேவிங் கிரீமும் கலந்த வாசனை. நாற்காலியில் தபால்காரர் இரண்டு காதையும் இரண்டு உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா அந்தக் கைகளைச் சுற்றிச் சுற்றி முடி வெட்டிக்கொண்டிருந்தார். வாசலில் ஆஸ்பத்திரிப் பையோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

ரகசியம் உள்ளே காலடி வைத்ததும் அந்த வாசனை அவரைப் பிடித்து நிறுத்தியது.

இந்தக் கடைதான் அவருக்கு முதல் மேடை. கேமரா, மைக், சேனல் எல்லாம் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால், சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து நேராக இங்கே வந்து, அந்தப் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து ஆரம்பிப்பார். இதைவிட நல்ல சபை எங்கே கிடைக்கும்? கழுத்தில் துணியைக் கட்டி, பாதி தலை வெட்டிய மனிதன் எழுந்து எங்கே ஓடுவான்? கேட்டுத்தான் ஆக வேண்டும். பெஞ்சில் இருக்கிறவர்கள் தங்கள் முறை வந்தாலும் "நீங்க முன்னாடி போங்க, இதைக் கேட்டுட்டு வரேன்" என்பார்கள். தெருவில் போகிறவர்கள் வாசலில் நின்று கேட்பார்கள். அந்தப் பெஞ்சு காலியாகிக் கிடப்பதை இன்று பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"வா மாப்ள, உட்காரு. முடி வெட்டணுமா?"

"மாமா, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு."

"உங்க அக்கா சொல்லி அனுப்பினாளா? எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. அன்னிக்கு இவர் தலையை ஆட்டிட்டார்."

"நான் ஆட்டலை," என்றார் தபால்காரர், கண்ணாடியைப் பார்த்து, மெதுவாக.

ரகசியம் தயாராக வந்திருந்தார். லென்ஸ் எப்படிச் செய்கிறார்கள், எவ்வளவு மெல்லியது, எதனால் ஆனது என்று கைபேசியில் படம் காட்டினார். கேமராவென்றால் பாட்டரி வேண்டும், பாட்டரி எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஆபரேஷன் செய்துகொண்ட நாலு பேரின் பெயரைச் சொன்னார். வீடியோவில் பேசுகிற அந்தத் தணிந்த, பொறுமையான குரலில்தான் பேசினார். மாமா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தபால்காரரின் பிடரியில் பவுடர் போட்டு, துணியை உதறி, அவரை அனுப்பிவைத்தார். தபால்காரர் படியிறங்கியதும் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

"முடிஞ்சுதா மாப்ள?"

"முடிஞ்சுது மாமா."

"இப்ப நீ ஒண்ணு கேளு."

மாமா தன் கைபேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், துழாவித் துழாவி எதையோ அமுக்கினார்.

ஒரு குரல் வந்தது. கணீரென்ற குரல். இளமையான குரல். ஒவ்வொரு வாக்கியத்தையும் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தாழ்த்த வேண்டும் என்று தெரிந்த குரல். "அந்த லென்ஸ் இருக்கே, அது சாதாரண லென்ஸ் இல்ல. அதுக்குள்ள என்ன இருக்குன்னு எந்த டாக்டரும் உங்களுக்குச் சொல்லமாட்டார். ஏன்னா அவருக்கே தெரியாது." பின்னணியில் கத்திரியின் சத்தம் கேட்டது. சட்டென்று நின்றது. யாரோ "ஐயய்யோ" என்றார்கள்.

எந்தச் சனிக்கிழமையோ பெஞ்சில் இருந்த யாரோ பதிவு செய்து அனுப்பியது. அது ஊரைச் சுற்றி, மாமாவின் கைபேசியில் வந்து தங்கிவிட்டது.

ரகசியத்துக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் வெட்கத்துக்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. அடடா, எப்படிப் பேசியிருக்கிறேன் என்று நினைத்தார். சந்தேகம் என்பதே இல்லாமல் வாழ்ந்த காலம் அது. இன்று ஒவ்வொரு வார்த்தையையும் எடைபோட்டுப் பேச வேண்டியிருக்கிறது. அந்தக் குரலைக் கேட்கக் கேட்க அவருக்கு அது வேறு யாரோ ஒரு நல்ல நண்பன் மாதிரியும், அவன் செத்துப்போய்விட்ட மாதிரியும் இருந்தது.

குரல் முடிகிற இடத்தில் ஒரு பெண் பேசினாள். கொஞ்சம் தூரத்திலிருந்து, வாசலிலிருந்து போல. "பேச்சு முடிஞ்சுதா? வீட்டுக்கு வர்ற எண்ணம் இருக்கா, இல்ல இங்கேயே பாயைப் போடட்டுமா?" கடை முழுக்கச் சிரித்தது. பதிவு அத்தோடு நின்றது.

"அம்மா," என்றாள் மகள். கேமராவைப் பிடித்திருந்த கை தாழ்ந்துவிட்டது. அம்மா அப்படி விளையாட்டாகப் பேசிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

"கேட்டியா?" என்றார் மாமா. "அந்த ஆள் சொன்னது சரியா, இப்ப நீ சொல்றது சரியா? அந்த ஆள் பேச்சுல ஒரு தடுமாத்தம் இருக்கா? நீதான் இப்ப இழுத்து இழுத்துப் பேசுறே."

வாசலில் அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ரகசியம் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஷேவ் பண்ணுங்க மாமா."

"என்னது?"

"கண்ணு நல்லாத் தெரியுதுன்னு சொன்னீங்க இல்ல? பண்ணுங்க. பண்ணி முடிச்சதும் நான் கிளம்பிடறேன். ஆஸ்பத்திரி பேச்சையே எடுக்கமாட்டேன்."

"டேய், வேண்டாம்டா," என்றாள் அக்கா. "என்னங்க, வேண்டாங்க."

மாமா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. துணியை உதறி மச்சினன் கழுத்தில் கட்டினார். பிரஷ்ஷை நனைத்து, கன்னத்தில் சுழற்றிச் சுழற்றி நுரை கூட்டினார். அதற்குக் கண் தேவையில்லை, கைக்கே தெரியும். புது பிளேடு மாட்டினார். இடது கையால் மச்சினனின் தலையைச் சாய்த்துப் பிடித்தார். முகத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அவருடைய மூச்சு ரகசியத்தின் கன்னத்தில் பட்டது.

கத்தி காதோரத்தில் ஒரு முறை இறங்கியது. சரியாகத்தான் இறங்கியது. பிறகு கழுத்துக்கு வந்தது. குரல்வளைக்கு மேலே வந்து நின்றுவிட்டது. கட்டைவிரல் தோலைத் தடவி எதையோ தேடியது. ரகசியம் எச்சில் விழுங்கக்கூடப் பயந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார். வீரம் பேசி உட்கார்ந்த மனிதருக்கு இப்போது முதுகு வியர்த்துவிட்டது.

கத்தி நகரவேயில்லை.

கத்தி மடங்குகிற ஓசை கேட்டது.

"முடியலை மாப்ள," என்றார் மாமா. "நுரை எங்க முடியுது, தோல் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலை. எல்லாம் வெள்ளையா இருக்கு."

பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"அந்தக் கேமராவை அணைச்சிடும்மா," என்றார். மகள் உடனே அணைத்தாள்.

"ஆபரேஷன் பண்றப்ப தூங்கவைக்க மாட்டாங்களாமே. முழிச்சுக்கிட்டே இருக்கணுமாம். கத்தி கண்ணுக்கு நேரா வருமாம். நான் விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து கத்தி பிடிக்கிறவன் மாப்ள. கை எப்ப நழுவும்னு யாருக்கும் தெரியாது, பிடிச்சிருக்கிறவனுக்கே தெரியாது. தபால்காரர் காதுல ரத்தத்தைப் பார்த்தப்புறம் எனக்கு ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. நானே வெட்டிட்டேன். அந்த டாக்டர் மட்டும் என்ன, அவரும் மனுஷன்தானே?"

"இதை ஏங்க என்கிட்ட சொல்லலை?" என்றாள் அக்கா.

"கேமரான்னு சொன்னா நீ சண்டை போடுவே. பயமா இருக்குன்னு சொன்னா சிரிப்பே."

"நான் எதுக்குச் சிரிக்கப்போறேன்?" அக்காவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பையைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் தோளில் கைவைத்தாள். "எனக்கு மட்டும் பயமில்லையா? நீங்க வரமாட்டேன்னு சொன்னப்ப ஒரு நிமிஷம் நல்லதாப் போச்சுன்னுகூட நினைச்சேன். அப்புறம் உங்களை அப்படியே விட்டுடறதான்னு இருந்தது."

மாமா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். ஷட்டரை இழுக்க ரகசியமும் ஒரு கை கொடுத்தார். அவசரத்தில் மனிதர் முகத்தைப் பாதிதான் துடைத்திருந்தார். ஒரு காதோரம் வழவழவென்றும் மீதி முகம் முள்ளாகவும், காதுக்குப் பின்னால் காய்ந்த நுரையோடும் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்.

மூன்றாவது மாடி. நீளமான நடை, ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், கோடியில் இரட்டைக் கதவு. நர்ஸ் வந்து மாமாவுக்குச் சொட்டு மருந்து விட்டாள். வலது புருவத்துக்கு மேல் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். பச்சை அங்கியையும் தொப்பியையும் மாட்டிவிட்டாள். அக்கா கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். மாமாவின் சட்டையையும் கைக்கடிகாரத்தையும் மகள் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிங்க தாத்தா, போகலாம்," என்றாள் நர்ஸ்.

தாத்தா என்று அழைத்ததைக்கூட மாமா கண்டுகொள்ளவில்லை. கதவு வரை நடந்தவர் நின்றார்.

"ஒரு நிமிஷம்மா. மாப்ள, இங்க வா."

ரகசியம் போனார். மகளும் எழுந்து பின்னால் வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். வீடியோல சொல்ற மாதிரி சொல்லாதே. அன்னிக்கு என் கடையில உட்கார்ந்து லென்ஸ்ல கேமரான்னு சொன்னியே. நீ அதை நெஜமா நம்பினியா?"

"இப்ப எதுக்கு மாமா அது?"

"சொல்லு. நீ லிஃப்டுக்குள்ள நின்னு சத்தத்தைக் கேட்டே எந்த நட்டு லூசுன்னு சொல்றவன். நீ ஒண்ணும் முட்டாள் இல்ல. நீயே நம்பியிருக்கேன்னா, எங்கேயோ ஒரு துளி உண்மை இருந்திருக்கும். பயம் போயிடுச்சு மாப்ள, அது போகமாட்டேங்குது. மனசுல ஒரு மூலையில உறுத்திக்கிட்டே இருக்கு. உள்ள போய் கண்ணைத் திறந்துகிட்டுப் படுத்தேன்னா அதுதான் ஞாபகம் வரும். எழுந்து ஓடி வந்துருவேன்."

பதில் ரகசியத்தின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாராவாரம் சொல்கிற பதில். ஆமாம் மாமா, நம்பினேன், மனசார நம்பினேன், ஏமாந்துட்டேன். அதைச் சொல்லித்தான் இத்தனை பேரின் மன்னிப்பை வாங்கியிருக்கிறார். பக்கத்தில் மகள் நின்றாள். அவள் முகத்தில் பெருமைகூடத் தெரிந்தது, அப்பா என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும்.

மாமா கலங்கிய கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சரியாகத் தெரியாததால் குரலுக்காகக் காத்திருந்தார்.

"இல்ல மாமா," என்றார் ரகசியம். "நம்பலை."

"என்ன?"

"அன்னிக்குக் கடை நிறைஞ்சிருந்தது. வாசல்லகூட ஆளுங்க. போன வாரம் சொன்னதையே சொன்னா எழுந்து போயிடுவாங்கன்னு தோணுச்சு. என்ன சொல்றதுன்னு தெரியலை. பெஞ்சுல ஒருத்தர் கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் வாயில வந்தது, சொல்லிட்டேன்." காதுக்குப் பின்னால் காய்ந்திருந்த நுரையைச் சுரண்டினார். "உங்க கத்திரிச் சத்தம் நின்னு போச்சு மாமா. வேலை செய்யறப்ப நீங்க எதுக்குமே நிறுத்தமாட்டீங்க. அதுக்கு நிறுத்தினீங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தது. அப்புறம் அதை எப்படித் திரும்ப எடுத்துக்கறதுன்னு தெரியலை."

"அப்ப ஒண்ணுமே இல்லையா? ஒரு பேப்பர்ல படிச்சது, யாரோ சொன்னது, ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல மாமா. அந்த நிமிஷத்துல நானா சொன்னது."

மாமாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்றுதான் ரகசியம் நினைத்தார். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி," என்றார். "என் கத்திரி நிக்கணும்னா சொன்னே? கறுப்புக் கண்ணாடிக்காரர் அன்னிக்கு என்ன பாடு பட்டிருப்பார்." மச்சினனின் முள்ளுக் கன்னத்தைக் கிள்ளினார். "இருடா, கண்ணு வரட்டும், உன்னைப் பார்த்துக்கிறேன். மீதி ஷேவும் பாக்கி இருக்கு."

நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே, யாரும் இழுக்காமல் கதவுக்குள் போனார். கதவு இரண்டு முறை ஆடிவிட்டு நின்றது.

ரகசியத்துக்கு உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. மாமா உள்ளே போய்விட்டார், கண் பிழைத்துவிடும். அந்த நிம்மதியோடு திரும்பினார்.

மகள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஜன்னலுக்குத் தாள் ஒட்டினீங்களே. அதையாவது நம்பினீங்களா?"

"அது வேற விஷயம்மா."

"ஆமா இல்லைன்னு சொல்லுங்கப்பா."

உண்மையைச் சொன்னால், ரகசியத்துக்கே தெரியாது. முதலில் நம்பாமல் சொன்னது, நாலு பேர் நம்பியதும் தானும் நம்பியது, எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றொன்று ஆரம்பித்தது என்று அவர் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

"உங்க மூச்சுச் சத்தத்தை எல்லாம் நான்தான்ப்பா வெட்டிக்கிட்டு இருந்தேன்," என்றாள் அவள். "நீங்க தடுமாறுற இடத்தை எல்லாம் வெட்டி வெட்டி ஒழுங்கா ஒட்டினேன். நம்பினேன், நம்பினேன்னு நீங்க சொன்னதை நூறு தடவை கேட்டிருக்கேன். அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'நடிச்சிருந்தா மன்னிக்கமாட்டேன். பாவம், அந்த மனுஷன் நம்பிட்டார். அதனாலதான் வர்றேன்'னு சொன்னாங்க."

லிஃப்ட் கதவு திறந்தது. மருந்துப் பையோடு அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"உள்ள போயிட்டாரா? முரண்டு பண்ணாம போனாரா?"

"சிரிச்சுக்கிட்டே போனார் அத்தை."

"சிரிச்சுக்கிட்டா?" அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "என் தம்பி கெட்டிக்காரன். அப்படி என்னடா சொன்னே?"

மகள் மாமாவின் சட்டையையும் கைக்கடிகாரத்தையும் அப்பாவின் கையில் கொடுத்தாள். லிஃப்டைப் பார்த்தாள். அதில் ஏறாமல் படிக்கட்டுப் பக்கம் திரும்பி இறங்கினாள். இரண்டாவது திருப்பத்தில் அவள் காலடி நிற்பது மேலே கேட்டது. பிறகு கைபேசியில் பேசும் அவள் குரல் கேட்டது.

"அம்மா," என்றாள். "ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துட்டியா?"